கண்ணாடிச் சட்டத்தில் ஒரு பொட்டு

பரளச்சியில், வீட்டு முற்றத்து வெயிலில் நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதன் பித்தளைச் சட்டத்தைப் புளியும் உப்பும் வைத்துத் தேய்க்கிறாள் அனுசியா. இறந்துபோன அம்மா அழகுத்தாய் சீராகக் கொண்டுவந்த கண்ணாடி. நாளை அப்பா தவசிக்கு இரண்டாம் கல்யாணம். தனியாகக் கிடந்து அரைவயிறும் கால்வயிறுமாகச் சாப்பிடுகிறாரே என்று, மல்லாங்கிணற்றில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவள்தான் வந்து பெண் பார்த்து முடித்தாள். புளித்தண்ணீர் மணிக்கட்டில் வழிகிறது. கண்ணாடியில் பட்ட வெயில் சுவரில் ஆடுகிறது. சட்டத்தின் ஒரு பக்கம் பளபளத்துவிட்டது. மறுபக்கம் இன்னும் கறுத்துக் களிம்பேறிக் கிடக்கிறது. அங்கே, குளிக்கப் போகும்போது அம்மா ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்று இருக்கிறது. அனுசியாவின் கை நின்றுவிடுகிறது.

"அதையும் எடுத்துரு தாயி," என்கிறார் அருகில் நிற்கும் தவசி. "வாரவுக மனசு சங்கடப்படும்ல."

அவள் நகத்தால் மெல்லக் கிள்ளி எடுக்கிறாள். கறுத்த பித்தளையில், பொட்டு இருந்த இடம் மட்டும் சின்ன வட்டமாக, புதுசுபோல மஞ்சளாய் மின்னுகிறது. தவசி குனிந்து அதை விரல்நுனியால் தொடுகிறார்.

"இந்த எடத்த மட்டும் விட்ருவமா?" என்கிறார்.

"மத்ததெல்லாம் விளக்குனா இதுவும் அதோட ஒண்ணாப் போயிரும்ப்பா."

அனுசியா மறுபடி புளியை எடுக்கிறாள். தேய்க்கத் தேய்க்கச் சுற்றியிருக்கும் கறுப்பு விலகுகிறது. சட்டம் முழுவதும் ஒரே நிறமாகிறது. வட்டம் எங்கே இருந்தது என்று அவர் விரலால் தேடிக்கொண்டே இருக்கிறார்.