மூன்றாவது சுற்று

"இப்பவே வெளியே போயிடலாம்," என்று மனைவியின் காதருகே சொன்னான் கிறிஸ்டோபர்.

"எப்படிங்க போறது? நடுவுல போகக் கூடாதுன்னு மைக்குல சொன்னாங்கல்ல," என்றாள் ஷாரோன். அவள் கால் பாட்டுக்குத் தாளம் தப்பாமல் நகர்ந்துகொண்டிருந்தது.

யாங்கோன் பூங்கா ஒன்றில், பர்மாவின் வடக்கு மலை ஜனங்களான கச்சின்களின் மனாவ் விழா. நுழைவு இலவசம், ஆட்டத்தில் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஆனால் சேர்ந்தால் சேர்ந்ததுதான். இறகுக் கிரீடம் வைத்த இரண்டு பெரியவர்கள் முன்னே ஆடிப் போக, நானூறு பேரும் பின்னாலேயே போக வேண்டும். வரிசையை அறுப்பது ஆகாது. சர்ச்சில் ஷாரோனோடு பாடும் கச்சின் தோழி கூப்பிட்டாள் என்று வந்து, நன்றாக மாட்டிக்கொண்டான் மனுஷன்.

முப்பது வயது ஆண்பிள்ளைக்கு இந்த ஊரில் இப்போது தெருவில் நடப்பதே பயம். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். பூங்கா வாசலில்கூட சீருடைக்காரர்கள் இரண்டு பேர், வாலிபர்களை நிறுத்தி நிறுத்தி அடையாள அட்டை கேட்டார்கள். இவனைக் கேட்கவில்லை, தலையை ஆட்டி உள்ளே விட்டார்கள். அப்படியும் மனைவியின் பின்னால் ஒளிந்துகொண்டேதான் வந்தான். வேலை விட்டால் வீடு, வீடு வந்தால் தாழ்ப்பாள் என்றுதான் மூன்று வாரமாக அவன் காலம் போகிறது.

அப்போதுதான் தைலம்மாளைப் பார்த்தான். தின்கன்ஜூன் பகுதியில் அவன் வார்டுக்காரி, சந்தை முனையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியா விற்கிறவள்.

மனாவ் வரிசை வளைந்து வளைந்து திரும்பும். அதனால் பின்னால் வருகிறவர்கள் எதிரே வந்து, ஒரு முழ தூரத்தில் நம்மைக் கடந்து போவார்கள். முதல் சுற்றில் தைலம்மாள் அவனைக் கவனிக்கவில்லை. இரண்டாவது சுற்றில் கவனித்தாள், கடந்து போன பிறகும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"பாத்துட்டாங்க," என்றான்.

"யாருங்க?"

"தைலம்மா. அவங்க வாயைத் திறந்தா இத்தனை கூட்டமும் என்னையத்தான் பாக்கும்."

ஷாரோனின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "தலையைக் குனிஞ்சிக்கிட்டே ஆடுங்க," என்றாள்.

பெரிய முரசு வேகம் பிடித்தது. முன்னால் வாள் பிடித்து ஆடும் ஒரு கிழவர், பின்னால் கைக்குட்டை வீசும் கல்லூரிப் பெண்கள், இரண்டு பக்கமும் ஆள். ஓடினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஓடாவிட்டால் அவள் வந்துவிடுவாள். 'கர்த்தாவே, இந்த ஒரு சுற்று மட்டும்' என்று வேண்டிக்கொண்டான்.

மூன்றாவது சுற்றில் வரிசை நெருக்கியடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆட வேண்டியதாயிற்று. தலையை நிமிர்த்தினால் நேர் எதிரே தைலம்மாள். வாசலில் நின்ற சீருடைக்காரன் ஒருவன் ஆடுகளத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றோரமாய் வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கத்தவில்லை. கை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கால் மட்டும் மற்றவர்களோடு சேர்ந்து ஆடிக்கொண்டே இருந்தது, கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"தம்பி, வார்டு ஆபீஸ்ல ஒக்காந்து பட்டாளத்துக்கு என் பையன் பேரை நீங்க எழுதினப்போ, அவனுக்கு வயசு பதினேழுதான்."