பெயர் தெரியாத பிரிண்டர்

"பிரிண்டர் உயிரோடதான் இருக்கு. அது பேரைச் சொன்னா மட்டும், அப்படி யாருமே இந்த வீட்ல இல்லைங்குது கம்ப்யூட்டர்," என்று உறுமினார் குடும்பத் தலைவர்.

"பன்னிரண்டு மணிக்குள்ள ஆய்வறிக்கையைக் கொடுக்கலைன்னா ஒரு வருஷம் போச்சுப்பா," என்றாள் மகள், அழாத குறையாக.

கையில் கைபேசியோடு மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். "நான் ஒண்ணு சொல்லட்டுமாங்க?"

"அடுப்புல வெச்ச பால் பொங்கினா சொல்லு, போதும். இதெல்லாம் உனக்கு ஏழு ஜென்மத்துக்கும் ஏறாது."

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் தன் இணையக் குழுவில் புலம்பி எழுதினார். அங்கே 'ஆந்தை' என்ற பெயரில் பதில் சொல்பவரை அவர் குரு ஸ்தானத்தில் வைத்திருந்தார். பதில் உடனே வந்தது.

'உங்கள் வீட்டில் இரண்டு வைஃபை ரவுட்டர்கள் ஓடுகின்றன. பிரிண்டரின் பெயர் புதியதற்குத்தான் தெரியும். கம்ப்யூட்டரோ பழையதிடம் போய் விசாரிக்கிறது. பழையதை அணைத்துவிடுங்கள்.'

மாடியில் சிக்னல் வரவில்லை என்று போன வாரம் பழையதையும் மாட்டியவர் அவர்தான். ஓடிப்போய் அணைத்தார். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டதும் பிரிண்டர் தாள்களைத் தள்ளத் தொடங்கியது. மகள் அள்ளிக்கொண்டு ஓடினாள்.

"ரெண்டு ரவுட்டர்னு நான் சொல்லவே இல்ல. மனுஷன் எப்படிக் கண்டுபிடிச்சார் பாரு," என்று சமையலறைக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, குழுவில் எழுதினார்: 'நன்றி குருவே. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறதே, மண்டையில் ஒன்றும் கிடையாது.'

ஆந்தையின் பதில் வந்தது: 'பால் பொங்கிவிட்டது. சொல்லச் சொன்னீர்களே.'