அண்ணன் பக்கத்து அரிப்பு

எங்கள் இருவருக்கும் பிறவியிலேயே காதோரம் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. எனக்கு இடது காதில். இரட்டையரில் கொஞ்சம் முந்திக்கொண்ட அண்ணனுக்கு வலது காதில். போன வருடம் அண்ணன் இறந்தபோது அவருடைய ஓட்டை வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. நெஞ்சுவலி அவசரத்தில் அதற்கு யாரும் மருந்து போடவில்லை.

இந்த வருடம் என்னுடையது வீங்கியது. டாக்டர் கொடுத்த களிம்பில் வீக்கம் வடிந்தது. ஆனால் களிம்பு தடவும்போதெல்லாம் வலது காதோரம் அரித்தது. அங்கே எனக்கு ஓட்டையே கிடையாது. சொறிந்து சொறிந்து தோல் உரிந்தது, தூக்கம் போயிற்று.

"அங்க ஒண்ணுமே இல்லையே," என்றார் டாக்டர்.

"அது உங்க அண்ணன் காதுங்க," என்றாள் மனைவி. "உங்களுக்கு மட்டும் மருந்து போட்டா அவருக்குப் பொறுக்குமா? எதுலயும் பாதி கேக்கிற ஆளாச்சே!"

கேலிதான். ஆனாலும் கூடத்தில் மாட்டியிருந்த அண்ணன் படத்தின் கண்ணாடியில், காதுக்கு நேராக ஒரு பொட்டுக் களிம்பு வைத்தாள்.

"அந்தக் காது இல்லடி. அவருக்கு வலது."

"எதிர்ல இருக்காருல்ல, மாறிப் போச்சு," என்று துடைத்துவிட்டு மாற்றி வைத்தாள்.

அரிப்பு அப்போதே நின்றது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

காலையில் கண்ணாடியில் களிம்பு இல்லை. எறும்பு தின்றிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அது பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம்; அண்ணன் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது முகத்தைத் திருப்பி, வலது காதை எங்களுக்கு வாகாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்.