முதலில் மரத்தைச் சொல்லுங்கள்

அடிபட்ட பறவைகளை வைத்தியரிடம் தூக்கிப் போவது கூழைக்கடாவின் வேலை. உதவி கேட்டு வருகிறவர்களிடம் விவரம் கேட்பது மைனாவின் வேலை. புயல் வரப்போகிறது என்று தெரிந்ததும் மைனா கூடு கூடாகப் போனது.

"ஆபத்துன்னா முதல்ல எந்த மரம்னு சொல்லுங்க. மத்ததெல்லாம் பிறகு. எங்கே, ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க."

"பிள்ளை விழுந்து கிடக்கும்போது விலாசமா கேப்பே? உனக்கு என்ன, கல் நெஞ்சா?" என்று காக்கை சீறியது.

"திட்டுங்க அக்கா. ஆனா சொல்லிக் காட்டிட்டுத் திட்டுங்க." சொல்லிக் காட்டும்வரை மைனா நகரவில்லை.

புயலன்று காக்கை நனைந்து, மூச்சிரைக்க மைனாவின் முன்னால் வந்து விழுந்தது. "ஏரிமேட்டுப் புங்கமரம். வடக்குக் கிளைக்குக் கீழே. என் குஞ்சு!"

கூழைக்கடா அப்போதே பறந்துவிட்டது. சற்று நேரத்தில் குஞ்சை அலகில் ஏந்தி, அவற்றின் தலைக்கு மேலாக வைத்தியரிடம் பறந்தது. காக்கை இன்னும் அழுகையை அடக்கிக்கொண்டே அண்ணாந்து பார்த்தது.

மைனா அதை ஒட்டி உட்கார்ந்தது. "குஞ்சு கத்துது, கேக்குதா? இப்ப அழுங்க, அக்கா."