சின்னையாவின் கால்

செத்துப்போன சின்னையா இன்றைக்கும் அவர்கள் பின்னாலேயே ஆஸ்பத்திரி வரைக்கும் வந்திருந்தான். வழியெல்லாம் பவுனம்மாளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஒரு காலைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு வருகிற சத்தம்.

சின்னையா தண்டவாள வேலையில் அவள் புருஷன் பக்கிரிசாமியின் கூட்டாளி. பிரிக்பீல்ட்ஸ் ஸ்டேஷன் பக்கம் ரயிலில் கால் அகப்பட்டவன். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது பக்கிரிசாமிதான். தோளிலேயே உயிர் போய்விட்டது. அப்படிப் போன உயிர் தூக்கினவனைச் சும்மா விடுமா? விடாது என்று பவுனம்மாள் அடித்துச் சொல்வாள்.

போதாக்குறைக்குப் போன வாரம் அவள் கால் மெட்டி ஒன்று காணாமல் போயிருந்தது. எப்போது கழன்றது, எங்கே விழுந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. மெட்டி போனால் யார் உயிருக்கு ஆபத்து என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மந்திரித்துக் கட்டிய கயிறும் பலிக்கவில்லை. அதனால்தான் புருஷனை ஆஸ்பத்திரியிலிருந்த யாழ்ப்பாணத்து டாக்டரிடம் பிடிவாதமாக அழைத்து வந்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்கய்யா. இவதான் கேக்க மாட்டேங்கிறா," என்றான் பக்கிரிசாமி.

"பொய் சொல்றாருங்க. முன்னெல்லாம் சாமான் வாங்கப் பாசாருக்குப் போனா இவரு நடைக்கு நான் ஓடணும். இப்ப நின்னு நின்னு போறாரு. அவன் காலைப் புடிச்சு இழுக்கறான்யா!"

"அந்தச் சத்தம் எப்ப கேக்கும்?" என்றார் டாக்டர்.

"கிட்டத்துல போனா ஒண்ணுமில்லீங்க. வெயில்ல ரொம்ப தூரம் நடந்தா வந்துடும். நின்னு திரும்பிப் பாத்தா அதுவும் நின்னுடும்."

டாக்டர் சிரிக்கவில்லை. பக்கிரிசாமியின் பக்கம் திரும்பினார். "உமக்கும் கேக்குதோ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கேக்குதுங்க."

பவுனம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளாக வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் உள்ளேயே போட்டுப் பூட்டி வைத்திருந்திருக்கிறான் மனுஷன்.

டாக்டர் நீண்ட வராந்தாவைக் காட்டினார். "நான் நில்லும் எண்டு சொல்லுமட்டும் நடவும்."

பக்கிரிசாமி நடந்தான். புருஷனைப் பேயோடு தனியாக விட்டுவிட்டு அவளால் உட்கார்ந்திருக்க முடியுமா? வழக்கம்போல அவன் முதுகைப் பார்த்தபடி பின்னாலேயே போனாள். டாக்டரும் தடுக்கவில்லை.

முதலில் ஒன்றுமில்லை. அந்தக் கோடிக்குப் போய் இந்தக் கோடிக்கு வந்து, மறுபடியும் போய் வந்ததில் இருவருக்கும் வியர்த்து ஊற்றியது. மத்தியான வெயில் வராந்தாவில் ஏறி அடித்தது. அப்போது கேட்டது.

சர்ர்... சர்ர்...

அவள் நடந்தபடியே கத்தினாள். "ஐயா! கேக்குதுங்களா?"

"கேக்குது," என்ற டாக்டர் பக்கிரிசாமிக்குக் கையை உயர்த்தினார். "நீர் அதிலயே நில்லும். அம்மா, நீங்கள் மட்டும் என்னட்டை வாங்கோ."

பக்கிரிசாமி சுவரோரம் அசையாமல் நின்றான். அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அவள் டாக்டரை நோக்கி நடந்தாள்.

சர்ர்... சர்ர்... அவள் கூடவே வந்தது.

பவுனம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாள் பயம் போன இடம் தெரியவில்லை.

"அவரை விட்டுட்டான்யா! என்கிட்ட வந்துட்டான்!" கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "வரட்டும்யா. காலத்துக்கும் எம் பின்னாலேயே வரட்டும். அவரு நல்லா இருந்தாப் போதும்."

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமலே சொன்னார்.

"அம்மா, இழுபடுறது உங்கட கால்."