திருத்திய குரல்

மாசிலாமணி உயிரோடு இருந்தவரை கோயில் வாசலை மிதித்ததில்லை. மனைவி வடிவு திருநீறு பூசும்போதெல்லாம், "என்ன வடிவு, ஒம் முருகன் பல்லு வெளக்கிட்டாரா?" என்று கேட்டுச் சிரிப்பார். அவளும் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவருக்கும் சேர்த்தே மன்னிப்புக் கேட்பாள்.

அவர் இறந்தபின், அவருடைய குரலிலும் பேச்சிலும் பதில் சொல்லும் கருவியை வீட்டுச் சுவரில் பொருத்த வந்தவர்களிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சாமி கும்பிடுதவரா மட்டும் மாத்திருங்க."

மறுநாள் காலை அவள் விளக்கேற்றியதும் சுவருக்குள்ளிருந்து அவர் குரல், "முருகா, முருகா" என்று உருகியது. வடிவுக்கு மெய்சிலிர்த்தது. வாய்விட்டு அழுதாள். அதன்பிறகு தினமும் உருகியது.

ஒருநாள், திருநீற்றைத் தொட்ட விரல் நெற்றிக்குப் போகாமல் பாதியில் நின்றது.

"என்னங்க, முருகன் பல்லு வெளக்கிட்டாரான்னு ஒரு தடவை கேளுங்களேன்."

"சாமிய அப்படிப் பேசலாமா வடிவு? தப்பு. கன்னத்துல போட்டுக்க."

அதே குரல்தான். அதே கரகரப்புதான்.

வடிவு கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாத ஆண் யாரோ வீட்டுக்குள் வந்து நிற்பதுபோல், முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.