எதிர்ப்பக்கத்துக்கும் பதில் சொல்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அப்பாவைக் கட்டுரை எழுதியே மடக்கிய ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

“வாயால கேட்டா ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். எழுதிக் கொடு!”

அப்பா இப்படிச் சொன்னதில் மகளுக்கு ஆச்சரியமே இல்லை. அச்சகத்தில் முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறவர். அம்மா இறந்த இந்தப் பதினோரு வருடத்தில், அந்த வீட்டில் திரைச்சீலை மாற்றக் கேட்டாலும் கட்டுரைதான், சுவருக்கு வேறு நிறம் கேட்டாலும் கட்டுரைதான். காரணம் போதவில்லையென்றால் சிவப்பு மையோடு திரும்பி வரும். மூன்று கட்டுரை தோற்று, நாலாவது கட்டுரையில்தான் பூனை வீட்டுக்குள் வந்தது.

ஆனால் இந்த முறை அவள் கேட்டது பூனை இல்லை, மாப்பிள்ளை.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அவன் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். நாளைக் காலை அவன் வீட்டார் பதில் கேட்டு வருகிறார்கள். அப்பா சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை என்று அவளே அவனிடம் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து, ஒரே மூச்சில் எழுதி நீட்டினாள்.

அப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

“‘எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.’ இது ஒரு வாதமா? உனக்கு ஐஸ்கிரீமும்தான் பிடிக்கும். அதைக் கட்டிக்கிறியா?”

“அது உருகிடும்பா. இவர் உருக மாட்டார்.”

“சான்று?”

எழுதினாள். ஒரு நாள் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒன்பது பேர், அவளும் ஒருத்தி. நாற்பது நிமிடம் அவன் வெளியே இருந்து விடுகதை போட்டுக்கொண்டே வேலை பார்த்தான். யாருமே பயப்படவில்லை. கதவு திறந்த பிறகு ஒரு பெரியவர் மட்டும், கடைசி விடுகதைக்கு விடை சொன்னால்தான் இறங்குவேன் என்று அடம்பிடித்தார்.

அப்பாவின் மீசை துடித்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஓரத்தில் ‘சரி’ போட்டார்.

“எதிர்ப்பக்கம் எங்கே?”

“எந்த எதிர்ப்பக்கம்?”

“எதிராளி என்ன சொல்வான்னு நீயே எழுதி, அதுக்குப் பதிலும் சொல்லணும். இல்லேன்னா ஆளில்லாத மைதானத்துல கோல் போட்ட மாதிரிதான்.”

மகள் பேனாவைக் கடித்தாள். பிறகு மெதுவாக எழுதினாள்: ‘நான் போய்விட்டால் அப்பா தனியாகிவிடுவார்.’

இருவருமே பூனையைப் பார்த்தார்கள்.

“இதுக்குப் பதில்?” என்றார் அப்பா.

“‘தினமும் போன் செய்வேன்.’”

“போன் எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிடுமா? அந்த வரியை அடிச்சுடு.”

“‘ஞாயிறுதோறும் வருவோம்.’”

“மிச்சம் ஆறு நாள்?”

“என்னைத் தோக்கடிக்கணும்னே உக்காந்திருக்கீங்கப்பா!”

“நானா? உன் வாதம் விழாம நிக்கணுமேன்னு பாக்கறேன், பாப்பா. கோவத்தையெல்லாம் அப்படியே தாள்ல கொட்டு, பாப்போம்.”

கொட்டினாள். பேனா பறந்தது. ‘இளம் வயதில் துணை தேடுவது தப்பில்லை. ஊர் சிரித்தால் இரண்டு நாள் சிரிக்கும். சேர்ந்து வாழ்கிறவர்கள் காலமெல்லாம் சிரிப்பார்கள். இதற்குப் பெற்றோர் குறுக்கே நிற்கக் கூடாது.’

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். காதுமடல் சிவந்துவிட்டது.

“இது எழுத்து! ஆனா ‘இளம் வயதில்’ எதுக்கு? ‘எந்த வயதிலும்’னு போடு. குறுக்க நிக்கறது ‘பெற்றோர்’ மட்டும்தானா? ‘வீட்டில் யாரும்’னு மாத்து. வாதம்னா எல்லாருக்கும் பொருந்தணும்.”

மாற்றினாள். சம்மதம் கிடைக்குமென்றால் தலைகீழாக நின்றுகூட எழுதியிருப்பாள்.

“இப்ப படி. சத்தமா. ம்ஹூம், இன்னும் சத்தமா! வாசல் வரைக்கும் கேக்கட்டும்.”

“ஏம்ப்பா, தெருவையே கூட்டவா?” என்று கேட்டுக்கொண்டே அவள் நாற்காலி மேல் ஏறி நின்று முழங்கினாள். பூனை கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தது.

“கீழே ‘இது என் உறுதியான கருத்து’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. தேதி முக்கியம்.”

போட்டாள். அதற்கும் கீழே அப்பா சிவப்பு மையில் ‘முழுச் சம்மதம்’ என்று எழுதினார். மகள் வீடே அதிரும்படி கத்தி, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

“பின்னாடி பேச்சு மாற மாட்டியே?”

“சத்தியமா மாட்டேன்பா!”

அப்பா அந்தத் தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தார். தலையைக் கோதிக்கொண்டார். சின்னப் பையன் மாதிரி ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தார்.

“உள்ள வாங்க, நம்ம கல்யாணத்துக்கு மக கையெழுத்துப் போட்டுட்டா!” என்று அவர் கூவ, ஒரு மணி நேரமாகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்த, அவர் அச்சகத்தில் புத்தகம் தைக்கிற அம்மாள் வெட்கத்தோடு உள்ளே வந்து, “நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குக் காபி நான் போடறேன், கண்ணு” என்றார்.

உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் ஒரு நாற்காலிகூடக் காலியில்லாமல் நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா.